தறிக்குழியும் தாய்வழி வீடும்

கைத்தறி என்றதும் கிழக்கிலங்கையில் முதலில் நினைவுக்கு வருவது மருதமுனைதான். அது எனது ஊர். ஆனால் எமது நெசவு வரலாற்றைப் பேசுவோர் தறியில் இருந்தவரையும் துணி விற்ற முதலாளியையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றனர். நூல் சுற்றிக் கொடுத்த பெண்களின் கைகள் அதில் இடம்பெறுவதில்லை.

சுபஹுத் தொழுகை முடிந்ததும் மூத்தம்மா ராட்டையின் முன் அமர்ந்துவிடுவார். கஞ்சியில் தோய்த்து, வளவுக் கொடியில் உலர்த்திய நூலை உம்மா எடுத்துக் கொடுப்பார். இழை அறுந்தால் முடிய வேண்டும். "மகள், முடிச்சைச் சிறிசாப் போடு. அச்சில சிக்கினா பாவே போயிடும்" என்பார் மூத்தம்மா. உம்மாவுக்கு இத்தொழிலில் வேறு பாடசாலை இருக்கவில்லை.

இதற்கும் எமது குடும்ப அமைப்புக்கும் தொடர்புண்டு. கிழக்கு முஸ்லிம்களிடையே வீடு மகளுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். மகன் மணமுடித்து வெளியேற, மகள் தறியுள்ள வளவிலேயே தங்கினாள். தாயின் கைப்பழக்கம் மகளின் கைக்கு வந்தது இப்படித்தான். சீதனத்தின் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வீட்டுக்குள் ஒரு தொழிலறிவும் கைமாறியது என்பதையே சொல்கிறேன்.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்த் துணிக்குச் சந்தை தந்தது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரத்தோடு மலிவான வெளிநாட்டுத் துணி கடைகளை நிறைத்தது. பல தறிகள் ஓய்ந்தன. எஞ்சியவற்றிலும் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று.

எங்கள் தறிக்குழியில் கடல்மணல் நிறைந்து கிடந்தது. வீட்டைத் திருத்தியபோது அதன்மேல் சீமெந்து போட்டோம். போடச் சொன்னவன் நான்தான். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராட்டையை மட்டும் துடைத்து அறைக்குள் வைத்தார்.

தறி உடைந்தால் நிவாரணமாக இன்னொரு தறி கிடைக்கலாம். அந்தச் சிறிய முடிச்சை யாரும் நிவாரணமாகத் தர முடியாது. இன்றும் ஊரில் தறியோசை கேட்கிறது. அது முற்றாக அடங்குமுன் எமது பெண்களின் தொழிற்சொற்களும் செய்முறைகளும் வீடு வீடாகக் கேட்டு எழுதப்பட வேண்டும். நான் உம்மாவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். முடிச்சுப் போட என் மகளும் பக்கத்தில் இருந்து பழகுகிறாள்.