போர் முடிவும் ஊர் நினைவும்: ஊத்தங்கரைப் பகுதி நடுகல் வழிபாடு

1. வரையறை

போர் முடிந்ததை ஒரு சமூகம் இரு வகையாக நினைவிற் கொள்ளலாம். ஆள்வோர் ஒப்பந்தம் செய்து படைகளை விலக்கிக்கொண்டதைப் போற்றுவது ஒன்று. இதனை 'உடன்படிக்கை நினைவு' என்போம். பூசலில் மாண்டவனுக்குக் கல் நட்டு, அக்கல்லுக்கே படையலிட்டு வருவது மற்றொன்று. இது 'பட்டோன் நினைவு'. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டாரத்தில் முன்னதற்கு ஊர்வழக்கில் இடமில்லை. பின்னது இன்றும் வழிபாடாக நடக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணமே இங்கு ஆராயப்படுகிறது.

2. உடன்படிக்கைகள்

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் செல்லும் பாதை, பாராமகாலுக்கும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) கீழ்நாட்டுக்கும் இடையிலான வாயில்களுள் ஒன்று. 1767இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையும் செங்கத்தில் மோதின. முதல் மூன்று மைசூர்ப் போர்களை 1769இல் சென்னையிலும், 1784இல் மங்களூரிலும், 1792இல் சீரங்கப்பட்டணத்திலும் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் அடுத்தடுத்து முடித்துவைத்தன. மூன்றாவதனால் பாராமகால் கும்பினி வசமாயிற்று. அதன் நிர்வாகம் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். ஆக, குடியானவரிடம் போரின் முடிவு நில அளவையாகவும் தீர்வையாகவும் வந்து சேர்ந்தது. தீர்வை விதித்த நாளுக்கு எவர் பொங்கல் வைப்பார்?

3. பட்டோன் நினைவு

பட்டோன் நினைவின் முதற்காரணம் தொறுப்பூசல். தொறு என்பது ஆநிரை. அதைக் கவர்வோரும் மீட்போரும் பொருதுவதே தொறுப்பூசல். இப்போருக்கு ஒப்பந்தம் எழுதுவாரில்லை. மாடு பட்டிக்குத் திரும்பினால் முடிந்தது. மீட்கச் சென்றவன் திரும்பாதபோது கல் எழுந்தது.

கல் நிறுத்தும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்வது முதல்நிலை. நட்டபின் படையலும் வாழ்த்தும் தொடர்கின்றன. நடுவதோடு கடமை தீர்வதில்லை என்பதே இவ்வரிசையில் நாம் கருதத்தக்கது.

செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தியை வட்டெழுத்து குறிக்கிறது. அவன் உருவத்தருகே ஒரு நாய்; அதன் பெயர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. வேந்தனுக்கு ஆட்சியாண்டு ஒன்றே கிடைத்த கல்லில், நாய்க்குப் பெயரும் செயலும் கிடைத்துள்ளன.

4. நினைவின் மாற்றம்

பட்டோன் நினைவு மூன்று படிகளில் மாறியதாகக் கொள்கிறோம். முதற்படியில் கல்லுக்குரியவன் உறவினன். பெயர் தெரியும், பூசல் தெரியும். அடுத்து, வட்டெழுத்து வழக்கொழிந்தபின் பெயர் மறைகிறது. வில்லும் வாளும் ஏந்திய உருவம் மட்டும் எஞ்சுகிறது. மூன்றாம் படியில் அவ்வுருவம் வேடியப்பன் என்னும் தெய்வமாகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பல இப்பெயராலேயே வழிபடப்படுகின்றன. மஞ்சள் பூசிப் பொங்கலிட்டுக் கிடாவோ சேவலோ அறுத்து, ஆடுமாடு நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறார்கள். கிடாவெட்டு இருந்தால் பங்காளிகள் அனைவரும் கூடுவதும் உண்டு. நினைவு நிலைப்பதற்கு இதுவும் துணைக்காரணமே.

வரலாற்றுச் செய்தி இங்குத் தேய்ந்தது உண்மை. ஆனால் நினைவின் பொருள் தேயவில்லை. எந்த மாட்டுக்காக அவன் மாண்டானோ, அந்த மாட்டின் நலமே இன்றும் அவனிடம் கேட்கப்படுகிறது. உடன்படிக்கைகளுக்கு இவ்வாறு ஊரார் கேட்டுப்பெற ஏதுமில்லை. அவை எழுதப்பட்ட இடங்களும் தொலைவில் இருந்தன. வேடியப்பன் கல்லோ மேய்ச்சல் போகும் வழியிலேயே நிற்கிறது.