படைவீட்டில் குடும்பம்: சென்னைப் படையும் 1843–44 எதிர்ப்புகளும்

முன்னுரை

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் போர்களையும் கலகங்களையும் மையமிட்டே அமைந்துள்ளன. சிப்பாயோடு படைவீட்டில் வாழ்ந்த மனைவி, மக்கள், முதிய பெற்றோர் ஆகியோர் ‘படையைப் பின்தொடர்வோர்’ என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றனர். 1843–44இல் சென்னைப் படைப்பிரிவுகள் இரண்டில் எழுந்த எதிர்ப்புகளும் ‘படிப்பணத் தகராறு’ என்றே வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றைக் குடும்ப வாழ்வு பற்றிய தகராறுகளாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வழக்கமே உரிமையாதல்

வங்காளப் படையின் சிப்பாய்களுள் பெரும்பாலோர் அவத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுப் பணியாற்றினர். ஊரில் நிலத் தகராறு நேர்ந்தால், இலக்னோவிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி வழியாக முறையிடும் சலுகை அவர்களுக்கு இருந்தது. 1856இல் அவத் இணைக்கப்பட்டபோது அச்சலுகை பொருளற்றுப் போயிற்று. சென்னைச் சிப்பாயின் நிலை வேறு. அவன் செல்லும் பாசறைக்கெல்லாம் குடும்பமும் உடன் சென்றது. படை இடம்பெயர்வது ஓர் ஊரே இடம்பெயர்வதை ஒத்திருந்தது.

இவ்வழக்கத்தைக் கும்பினி தன் வசதிக்கேற்ப ஏற்றுக்கொண்டது. சிப்பாய்களின் புதல்வர்களைச் சிறு வயதிலேயே பட்டியலில் சேர்த்து, சிறு ஊதியம் அளித்து, வயது வந்தபின் படைவீரராக்கும் முறை சென்னையில் நிலவியது. கடல் கடந்து செல்வோர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்தினர் பெற்றுக்கொள்ளுமாறு எழுதிவைக்கவும் இடமிருந்தது. 1824இல் பர்மாப் போருக்குச் சென்னைப் பிரிவுகள் பெருமளவில் கப்பலேறின. அதே போருக்குப் புறப்பட வேண்டிய வங்காளத்தின் 47ஆம் பிரிவு பாரக்பூரில் கலகம் செய்தது. சமயத் தடை இல்லாமை மட்டுமே இவ்வேறுபாட்டை விளக்கிவிடும் எனத் தோன்றவில்லை. குடும்பத்திற்குப் பணம் சேரும் என்ற உறுதியும் இங்குக் கருதத்தக்கது.

உறைவிடத்தில் கும்பினி காட்டிய அக்கறை மிகக் குறைவே. ஐரோப்பிய வீரர்க்குக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. சிப்பாய்கள் தம் குடிசைகளைத் தாமே அமைத்துக்கொண்டனர். வேலூரில் ஐரோப்பியரின் இருப்பிடம் கோட்டைக்குள் இருக்க, சிப்பாய்கள் குடும்பத்தோடு வெளியே பேட்டையில் குடியிருந்தனர். மறுநாள் காலைப் பயிற்சியை முன்னிட்டு 1806 சூலை 9ஆம் நாள் இரவு அவர்கள் கோட்டைக்குள் தங்க நேர்ந்தது. விடியுமுன் கலகம் வெடித்தது. 1770இல் நிறுவப்பட்ட கிளைவ் நிதியும், 1789 முதல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்றிருந்த எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியும் ஐரோப்பியப் படையினரின் கைம்பெண்களையும் பிள்ளைகளையும் கருதி எழுந்தவையே. சிப்பாயின் குடும்பத்திற்கு அத்தகைய நிறுவனம் இல்லை. வழக்கம் ஒன்றே அதற்குக் காப்பாக இருந்தது.

வழக்கம் முறிந்த இரு நிகழ்வுகள்

1843இல் சிந்து கைப்பற்றப்பட்டது. அங்கு வங்காளப் பிரிவுகள் தேவைப்பட்டதால், மத்திய இந்தியாவில் அவை வகித்த பொறுப்பு சென்னைப் படையின்மீது விழுந்தது. காம்ப்டியிலிருந்த 6ஆம் சென்னைக் குதிரைப்படை ஜபல்பூருக்கு அனுப்பப்பட்டது. தற்காலிகப் பணி என நம்பிய வீரர்கள் குடும்பங்களைக் காம்ப்டியிலேயே விட்டுச் சென்றனர். பின்னர் ஜபல்பூரிலேயே தங்க வேண்டும் என்றும், படிப்பணம் குறையும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரே ஊதியத்தில் 250 கி.மீ.க்கு மேல் பிரிந்து கிடந்த இரு குடித்தனங்களைப் பேண வேண்டிய நிலையில் அவர்கள் கட்டளைக்குப் பணிய மறுத்தனர்.

இரண்டாம் நிகழ்வு இன்னும் தெளிவானது. சிந்துக்குச் செல்லப் பணிக்கப்பட்ட 47ஆம் சென்னைக் காலாட்படைக்கு, பர்மாவில் வழங்கப்பட்ட உயர்ந்த படிப்பணமே கிடைக்கும் என ஆளுநர் ட்வீட்டேல் பிரபு உறுதியளித்தார். அவரே சென்னைப் படையின் தலைமைத் தளபதியுமாவார். ஆகவே அவ்வுறுதியை ஐயுறச் சிப்பாய்க்குக் காரணம் எதுவுமில்லை. அதை நம்பி அவர்கள் குடும்பத்திற்கெனத் தாராளமாகத் தொகை ஒதுக்கி எழுதிவைத்துவிட்டுக் கப்பலேறினர். இந்திய மேலரசு அவ்வாக்குறுதியை ஏற்கவில்லை. 1844இன் தொடக்கத்தில் பம்பாயை அடைந்தபின்பே இச்செய்தி அவர்களுக்குத் தெரிந்தது. வீட்டிற்கு ஒதுக்கியது போக எஞ்சிய தொகை உணவுக்கே போதவில்லை. அணிவகுப்பில் அவர்கள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பத்திற்கு எழுதிவைத்த தொகையைச் சிப்பாய் பாதிவழியில் குறைத்துக்கொள்ள இயலாது; அது ஏற்கெனவே ஊரில் அரிசியாகவும் கடன் தவணையாகவும் மாறியிருக்கும். ஆகவே படிக்குறைப்பின் சுமை முழுவதும் அவன் வயிற்றின்மீதே இறங்கியது. அதே காலத்தில் சிந்துக்குச் செல்ல மறுத்த வங்காளத்தின் 34ஆம் பிரிவு புறப்படுமுன் பேரம் பேசியது. சென்னையினரோ சொல்லை நம்பிப் புறப்பட்டு வந்தவர்கள். இரண்டையும் ஒரே ‘படிப்பணக் கலகம்’ என இணைத்து எழுதும் மரபு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பம்பாயில் ஊதியத்திலிருந்து முன்பணம் வழங்கப்பட்டதும் எதிர்ப்புத் தணிந்தது. ஆயினும் முன்னின்றவர்கள் தண்டிக்கப்பட்டனர். உறுதியளித்த ட்வீட்டேல் பிரபு 1848 வரை ஆளுநராகத் தொடர்ந்தார்.