பரம் பொருள் மீக்கணினி

பரம் பொருள், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள மீக்கணினி. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த இது, 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இதன் உச்ச வேகம் 838 டெராஃபிளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்கீடுகள்.

பின்னணி

1980களின் பிற்பகுதியில் இந்தியா கேட்ட உயர்திறன் கிரே மீக்கணினியை விற்க அமெரிக்கா மறுத்தது. ஆயுத ஆய்வுக்குப் பயன்படக்கூடும் என்ற ஐயமே காரணம். இதையடுத்து 1988இல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் பரம் 8000 உருவானது. அதன் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பிரிட்டன் நிறுவனத்தின் படைப்பு. அவற்றை ஒன்றாக இயக்கிய வடிவமைப்பும் மென்பொருளும் இந்தியாவில் உருவானவை.

குளிர்விக்கும் முறை

ஆயிரக்கணக்கான செயலிக் கருக்கள் ஓயாமல் இயங்கும்போது எழும் வெப்பத்தை மின்விசிறியால் மட்டும் அகற்றுவது கடினம், மின்செலவும் கூடும். ஒரே கன அளவில் நீர் காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தை ஏற்கும். எனவே பரம் பொருளில் நேரடித் தொடர்புத் திரவக் குளிர்விப்பு பயன்படுகிறது. செயலியின் மேல் பொருத்திய உலோகத் தகட்டின் உள்ளே திரவம் ஓடி வெப்பத்தை ஏற்கிறது. வெளியே அதை இழந்து மீண்டும் திரும்புகிறது. திரவம் மின்சுற்றைத் தொடுவதில்லை.

உள்நாட்டு உறுப்புகள்

இதன் பெரும்பாலான உறுப்புகள் இந்தியாவில் தயாரித்துப் பொருத்தப்பட்டவை. மென்பொருள் அடுக்கு சி-டாக் உருவாக்கியது. ஆனால் 1991இல் போலவே, செயலிச் சில்லுகள் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. அந்த இடைவெளியை நிரப்ப, சி-டாக் சொந்தச் செயலி ஒன்றையும் வடிவமைத்து வருகிறது.