எட்டடி அகலத்தில் விருந்தாளி

அமெரிக்காவில் கேம்பிங் ட்ரெய்லருக்கான எந்த விளம்பரத் தாளைப் புரட்டினாலும் நீளம், எடை, விலை இவற்றோடு இன்னோர் எண்ணும் கண்ணில் படும்: இத்தனை பேர் படுக்கலாம். சிறிய வண்டிக்கு நான்கு, நடுத்தரத்துக்கு ஆறு, பெரியதற்கு எட்டோ பத்தோ. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் இந்தச் சின்ன வீட்டில், ஊரிலிருந்து வரும் தம்பியையும் தம்பி மனைவியையும் இரண்டு இரவு தங்கவைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் நம்புவது அந்த எண்ணைத்தான். ஆனால் இந்த வண்டிகளின் நூறாண்டுக் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், அந்த எண் விற்பனைக்காக வளர்ந்த எண் என்பது விளங்கும். கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் யோசித்தவர்கள், வளர்ந்த விருந்தாளிக்கு இடம் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய நெருக்கடியும் அவர்களுக்கு நெடுங்காலம் வரவில்லை. விருந்தாளி வண்டிக்கு வெளியே படுத்தார், அல்லது தன் வண்டியோடு வந்து சேர்ந்தார்.

தொடக்க காலத்துச் சான்றுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. 1910இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்சிக்கு வந்த பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் டூரிங் லாண்டோ காரில் பின்னிருக்கை படுக்கையாக விரிந்தது. ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி மடங்கி வந்தது. அத்தனை வசதியும் உரிமையாளருக்குத்தான். ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கோடைதோறும் காரில் முகாம் போனார்கள். அவர்களோடு சமையலுக்கென்றே ஒரு வண்டி போயிற்று. சாப்பிட ஒரு பெரிய கூடாரமும், படுக்க ஆளுக்கொரு கூடாரமும் அடிக்கப்பட்டன. 1921இல் அதிபர் ஹார்டிங் மேரிலாந்தில் வந்து சேர்ந்துகொண்டபோதும் ஏற்பாடு அதுவேதான். நாட்டின் பெருஞ்செல்வர்கள் நாட்டின் தலைவரை விருந்துக்கு அழைத்தார்கள். யாரையும் வண்டிக்குள் படுக்கவைக்க நினைக்கவில்லை. எளியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஒன்றுகூடிய டின் கேன் டூரிஸ்ட்ஸ் சங்கத்தார், தகர டப்பா உணவோடு தெற்கே குளிர்காயப் போனவர்கள். ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், இரவானதும் அவரவர் கூடாரத்துக்குப் போய்ப் படுத்தார்கள்.

சிக்கல் தொடங்குவது துணிச்சுவர் போய்க் கெட்டிச்சுவர் வந்த பிறகு. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் ஒரு கூடார ட்ரெய்லரை வாங்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார். மழையில் அதை விரிக்க முடியாமல் நனைந்தார். அந்தக் கடுப்பில் 1929இல், 9 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஒரு கெட்டிப் பெட்டியைச் சக்கரத்தின்மேல் கட்டச் சொன்னார். மறு ஆண்டு டெட்ராய்ட் கார் கண்காட்சிக்குப் போன அந்த ‘கவர்ட் வேகன்’ வண்டியைத் தயாரித்த நிறுவனம், 1936க்குள் நாட்டின் மிகப் பெரிய ட்ரெய்லர் நிறுவனமாகிவிட்டது. அதே 1936இல் வாலி பயம் என்ற தயாரிப்பாளர், அலுமினிய உடலோடு ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தார். விலை 1,200 டாலர். நான்கு பேர் படுக்கலாம். இருக்கும் தரைக்குள் அந்த நான்கை எப்படி வரவழைத்தார் என்பதில்தான் இந்தத் தொழிலின் முழு ரகசியமும் இருக்கிறது. பகலில் சாப்பாட்டு மேசையாக இருந்ததே இரவில் கட்டிலாக மாறியது.

வித்தை அவர் கண்டுபிடித்ததல்ல. 1860களிலேயே ஜார்ஜ் புல்மன் ரயில் பெட்டியில் எதிரெதிர் இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கிவிட்டார். நம் ரயிலில் சைடு லோயர் பெர்த்தில் ஓர் இரவு கழித்தவருக்கு மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். நடுவில் ஓடும் அந்தப் பள்ளம் இடுப்பெலும்புக்கு நன்றாகத் தெரியும். ட்ரெய்லரில் மேசையின் ஒற்றைக் காலை மடக்கி, பலகையை இரு பக்கத்து இருக்கைப் பெட்டிகளின் விளிம்பில் இறக்கி, முதுகுச் சாய்மான மெத்தைகளை அதன்மேல் பரப்புவார்கள். நான்கு மெத்தைத் துண்டு, மூன்று இடுக்கு. நீளம் பெரும்பாலும் ஆறடிக்குச் சற்று முன்பின். அகலம் 40 அங்குலம் சுமார். அமெரிக்க வீட்டில் இருவர் படுக்கும் சாதாரணக் கட்டிலே 54 அங்குலம் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த 40 அங்குலத்தை ‘இருவர்’ என்று எழுதியவரின் துணிச்சல் புரியும். அதற்கும் மேல் ஓர் இடைஞ்சல்: மேசை கட்டிலாகிவிட்டால் மேசை இல்லை. காலை ஐந்தரைக்கு எழும் வீட்டுக்காரர், விருந்தாளி கண் விழித்துப் போர்வையை மடிக்கும்வரை காபிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் வாசலில் நிற்க வேண்டும். அவர் நிற்பது தெரிந்துவிட்டால் விருந்தாளிக்கும் தூக்கம் போய்விடும்.

பிறகு ஏன் இந்த எண் நான்கிலிருந்து பத்துவரை ஏறியது? சாலைச் சட்டம் ட்ரெய்லரின் அகலத்தை நெடுங்காலம் எட்டடியில் நிறுத்தியிருந்தது. பிற்காலத்தில்தான் எட்டரை அடியானது. நீளத்தைக் கூட்டினால் எடையும் விலையும் ஏறும், இழுக்கப் பெரிய காரும் வேண்டும். அறையைக் கூட்டுவது செலவு. படுக்கை எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு ஒரு கீலும் ஒரு மெத்தையும் போதும். சோபாவை இழுத்தால் இரண்டு, மேசையை இறக்கினால் இரண்டு, கூரையிலிருந்து ஒரு பலகை தொங்கினால் இன்னொன்று. பக்கத்துக் கடைக்காரர் ஆறு என்று எழுதும்போது நான்கு என்று உண்மை பேசுபவர் வண்டி விற்க முடியாது. படுக்கைக்கு யார் வருவார் என்பதைத் தொழில்துறை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் அரிய ஆவணம் உண்டு. அமெரிக்க வண்டித் தயாரிப்பாளர் சங்கம் 2000ஆம் ஆண்டு வாக்கில் தானே ஓடும் மோட்டார் ஹோம்களில் ஒட்டச் சொன்ன எடைச் சீட்டில், ஒரு படுக்கைக்கு 154 பவுண்டு, அதாவது 70 கிலோ என்று வைத்துப் பெருக்கச் சொல்லியிருந்தது. சராசரி அமெரிக்க ஆண் ஒருவர் இந்தக் கணக்கில் அடங்கமாட்டார். ஒரு படுக்கைக்கு ஒரு குழந்தை, இன்னொன்றுக்குப் பெரியவர் என்று சராசரி பார்த்தால்தான் 70 கிலோ நியாயமாகும். அந்தச் சீட்டின் மனத்தில் இருந்தது குடும்பம்தான்.

இதற்கு மறுப்பு ஒன்று உடனே எழும். பொருளாதார மந்தக் காலத்திலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இதே வண்டிகளில் முழுக் குடும்பங்கள் வருடக்கணக்கில் வாழவில்லையா? வாழ்ந்தார்கள். இன்னும் 20 ஆண்டுகளில் பாதி அமெரிக்கா ட்ரெய்லரில் குடியிருக்கும் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் 1930களில் சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. போரின்போது அரசே பல்லாயிரம் ட்ரெய்லர்களை வாங்கி ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தித் தொழிலாளர்களைக் குடிவைத்தது. ஆனால் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் சகித்துக்கொண்ட நெரிசலைக் கொண்டு, விருப்பத்தோடு வந்து தங்கும் விருந்தாளியின் வசதியை அளக்க முடியாது. கையில் காசு வந்ததும் அந்தக் குடும்பங்கள் என்ன கேட்டன என்பதுதான் நல்ல சான்று. அவர்கள் கேட்டது அகலம். 1950களின் நடுவில் விஸ்கான்சினின் எல்மர் ஃப்ரே பத்தடி அகல வண்டியைக் கொண்டுவந்தார். சிறப்பு அனுமதி இல்லாமல் அதைச் சாலையில் இழுக்க முடியாது என்று தெரிந்தும் மக்கள் வாங்கினார்கள். அறையும் கதவும் கிடைத்த அந்த வண்டி ஓடுவதை நிறுத்திவிட்டு மொபைல் ஹோம் என்ற தனி இனமாகப் பிரிந்தது. ஓடிக்கொண்டிருந்ததற்கு எட்டடிதான் மிச்சம்.

1954இல் லூசில் பாலும் டெசி அர்னாஸும் நடித்து வெளிவந்த ‘தி லாங், லாங் ட்ரெய்லர்’ படத்தில் வந்த நியூ மூன் ட்ரெய்லரின் நீளம் 36 அடி. வேடிக்கை என்னவென்றால், அத்தனை பெரிய வண்டியில் பயணம் போவது புதுமணத் தம்பதி இருவர்தான். உறவினர் வீட்டுக்குப் போகும்போதும் தங்கள் வீட்டை இழுத்துக்கொண்டே போய், பின்பக்கமாக உள்ளே விடும்போது உறவினர் வீட்டின் ஒரு பகுதியை நாசம் செய்துவிடுகிறார்கள். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட காட்சிதான். ஆனாலும் ட்ரெய்லர்க்காரர்கள் விருந்துக்குப் போகும் முறையை அது சரியாகப் பிடித்துவிட்டது. கூட்டமாகப் போன பயணங்களிலும் அதே முறைதான். வாலி பயம் 1959இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை நடத்திச் சென்ற அணிவகுப்பில் 41 ட்ரெய்லர்கள். போனவர்கள் நூறு பேர் சொச்சம். வண்டிக்கு இரண்டரை ஆள் என்று வருகிறது. நான்கு பேர் படுக்கலாம் என்ற எண் உண்மையாக இருந்திருந்தால் 25, 26 வண்டிகளில் அத்தனை பேரும் அடங்கியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் மண்சாலையில் போகிறவர்களுக்குப் பெட்ரோலையும் டயரையும் மிச்சப்படுத்த ஆசை இருக்காதா? இருந்தும் யாரும் யாருடைய மேசைக் கட்டிலிலும் படுக்க முன்வரவில்லை.

அது பழைய கதை, இப்போது வண்டிகள் மாறிவிட்டன என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. இண்டியானாவின் நியூமார் நிறுவனம் 1990 வாக்கில் வண்டிச்சுவரின் ஒரு பகுதியையே வெளியே தள்ளும் முறையை மோட்டார் ஹோமில் கொண்டுவந்தது. இழுக்கும் ட்ரெய்லர்களிலும் அது பரவிற்று. நிறுத்திய இடத்தில் பொத்தானை அழுத்தினால் எட்டடி அகலம் பதினோரு அடியாகும். முன்னால் தம்பதிக்கு அறை, பின்கோடியில் ஒன்றன்மேல் ஒன்றான பங்க் கட்டில்களுடன் தனி அறை என்று வந்த அமைப்பில் இரு தரப்புக்கும் நடுவே கெட்டிச்சுவரும் கதவும் வந்தன. ஆனால் அந்தப் பின்னறையைத் திறந்து பார்த்தால் யாருக்காகக் கட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். பங்க் பலகையின் அகலம் பல வண்டிகளில் முப்பது அங்குலத்தைத் தாண்டாது. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். சிலவற்றில் எடை வரம்பு 150 பவுண்டு என்று ஒட்டியே இருப்பார்கள். நாற்பது வயதுத் தம்பியை அங்கே ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது உபசாரமாகாது. அந்த அறையில் பங்க் கட்டிலுக்குப் பதில் முழு அளவுக் கட்டில் ஒன்று போட்ட வண்டிகளும் வருகின்றன. அவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும், விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

மூன்றாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும். கல்யாண வீட்டில் ஒரு கூடத்தில் இருபது பேர் பாய் விரித்துப் படுக்கிறோம், இதென்ன அங்குலக் கணக்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், கூடம் இருந்தால். ட்ரெய்லரில் மேசை, சோபா, அடுப்பு, அலமாரி போக மிஞ்சும் தரை இரண்டடி அகல நடைபாதை. அதில் ஒருவர் பாய் விரித்தால் மற்றவர்கள் இரவில் கழிவறைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த இடத்தில் பழைய கூடார ட்ரெய்லரின் வாரிசான பாப்-அப் வண்டிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். மடக்கினால் இடுப்புயரப் பெட்டி. விரித்தால் இரு கோடியிலும் இரு முழுக் கட்டில்கள் வண்டிக்கு வெளியே நீண்டு நிற்கும், நடுவில் மேசை மேசையாகவே இருக்கும். சுவர் துணிதான், குறட்டைக்கு மறைவில்லை. ஆனால் இரு தம்பதிகளுக்குச் சமமான படுக்கையைக் குறைந்த விலையில் கொடுத்தது அது ஒன்றுதான். கெட்டிச்சுவரின் மோகத்தில் அதை மட்டம் என்று ஒதுக்கியது வாங்கியவர்களின் பிழை.

ஆகவே விருந்தாளியை மனத்தில் வைத்து ட்ரெய்லர் தேடுகிறவர் விளம்பரத் தாளின் அந்த எண்ணை விட்டுவிட வேண்டும். விற்பனையிடத்திலேயே மேசையை இறக்கி மெத்தையைப் பரப்பி, வரப்போகிறவரின் உயரமுள்ள ஒருவரைக் கால் மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். இரு படுக்கைகளுக்கும் நடுவே சாத்தக்கூடிய கதவு இருக்கிறதா, ஒருவர் மற்றவரைத் தாண்டாமல் கழிவறைக்குப் போக முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை ‘இல்லை’ என்றால், உங்கள் இருவருக்கு மட்டும் போதுமான சிறிய வண்டியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நின்று உடை மாற்றும் உயரமுள்ள ஒரு கூடாரமும் இரண்டு மடக்குக் கட்டில்களும் வாங்குங்கள்.