பிள்ளைத்தமிழும் தந்தையின் குறிப்பேடும்

குழந்தையின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பகுத்து நோக்கும் வழக்கம் தமிழிலே மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு பாடிய மரபு, பின்னர் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமாக விரிந்தது. 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரையுள்ள ஒற்றைப்பட்ட மாதங்களைப் பத்துப் பருவங்களுக்கு உரியனவாகப் பாட்டியல் நூல்கள் வகுத்தன. 5ஆம் மாதத்திற் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. 9ஆம் மாதத்திற் கைகொட்டுவது சப்பாணி. 13ஆம் மாதத்திற் தளர்நடையிட்டு வருவது வாரானை. இவ்வொழுங்கு இன்றைய குழந்தை மருத்துவம் கூறும் ஒழுங்கோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. குழந்தைகளைக் கூர்ந்து நோக்காத சமுதாயத்தில் இத்தகைய இலக்கணம் தோன்றியிருத்தல் இயலாது. யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்திலே இணுவில் சின்னத்தம்பிப் புலவர் சிவகாமியம்மை மீது பிள்ளைத்தமிழ் பாடினார்.

ஆயின், இம்மரபிலே தந்தை எங்கே நிற்கின்றான் என்னும் வினா எழுகின்றது. பெரியாழ்வார் ஆடவராயினும் யசோதையாகி நின்றே கண்ணனைப் பாராட்டினார். வாழ்க்கை நிலையும் அதற்கு இயைந்ததாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலே பிள்ளைப்பேறு மருத்துவிச்சிக்கும் மூத்த பெண்களுக்கும் உரிய காரியம். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை தந்தை பெரிதும் புறத்தேதான் நின்றான். அவன் எழுதுவித்தது ஒன்றுண்டு, அது சாதகம். பிறந்த நாழிகை கணிக்கப்பட்டு ஓலையில் ஏறியதும் எழுத்தாணி ஓய்ந்தது. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை சொரிந்து, ஏடு, எழுதுகோல், நகை முதலியவற்றைப் பரப்பிக் குழந்தை எதனை எடுக்கின்றது என்று பார்க்கும் வழக்கமும் இத்தகையதே. அங்கும் தேடப்பட்டது அன்றைய குழந்தையன்று, நாளைய மனிதனே.

இதற்கு மாறான ஒரு முயற்சி இங்கிலாந்திலே நிகழ்ந்தது. 1839 டிசம்பர் 27இல் சார்ள்ஸ் டார்வினுக்கு முதல் மகன் பிறந்தபோது அவருக்கு வயது 30. அன்று தொட்டு அவர் குறிப்பெழுதினார். 7ஆம் நாளிற் கடதாசித் துண்டு உள்ளங்காலைத் தொட்டதும் குழந்தை காலைச் சட்டென இழுத்தமை, 45ஆம் நாளளவில் உண்மையாகவே முறுவலித்தமை, நாலரை மாதத்திற் கண்ணாடியிலே தன் உருவையும் தந்தையின் உருவையும் கண்டு சிரித்தமை, ஓராண்டு நிறைந்தபோது உணவுக்குத் தானே ஒரு சொல் படைத்தமை ஆகியன அவற்றுட் சில. பிரெஞ்சு அறிஞர் தெயின் தம் மகளைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கண்டபின், 1877இல் 'மைண்ட்' என்னும் இதழிலே டார்வின் இவற்றை வெளியிட்டார். பிள்ளைத்தமிழின் குழந்தை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான உருவம். டார்வினின் குழந்தை நாளும் பெயரும் உடைய ஒரு தனிக் குழந்தை. வேறுபாடு இதுவே.

எனினும் தமிழ்த் தந்தையை அன்பு குறைந்தவன் என்று கொள்ளுதல் பொருந்தாது. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டிய பின்னரே பாராட்டுத் தொடங்குகின்றது. குழந்தை பிழைக்குமோ என்னும் அச்சம் அதிலே உறைந்துள்ளது. டார்வினும் அவ்வச்சத்துக்குப் புறம்பானவர் அல்லர். 1842இற் பிறந்த அவருடைய மகளொருத்தி ஒரு மாதம் நிறையுமுன் இறந்தாள். இலங்கையில் 1946இலும், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. நாளை இருக்குமோ என்று அறியாத முறுவலை நாட்குறித்து எழுத எவருக்கு மனம் வரும்?

அவ்வச்சம் படிப்படியாகவே தணிந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலையும் தமிழாக்கினார். சிவகாமியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பிறந்த இணுவிலிலேயே 1898இல் பெண்களுக்கான மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. பின்னர், வீடு தேடி வரும் அரசாங்க மருத்துவமாதர் சேவை ஊர்தோறும் பரவியது. இன்று இலங்கையிற் குழந்தை இறப்பு ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு.

குழந்தையின் நிறையும் வளர்ச்சியும் மாதந்தோறும் பதிவேட்டிற் குறிக்கப்படும் இக்காலத்தில், சாதகத்தோடு நின்றுவிட்ட தந்தையின் எழுத்துக்கு மீண்டும் இடம் உண்டாகியுள்ளது. தலை நிமிர்ந்த நாளையும் முதலடி வைத்த நாளையும் அவன் இனி அச்சமின்றி எழுதலாம்.