தோலின் பெயர் பெற்ற உணவு நோய்

சொல்லின் பிறப்பை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் புலவர்தம் நூல்களையே நாடுவர். ஆயின், உழவர் நாவிலே பிறந்து மருத்துவ நூலில் ஏறிய சொற்களும் உள. 'பெல்லாக்ரா' என்னும் இத்தாலியச் சொல் அத்தகையது.

'பெல்லே' என்பது தோல். இலத்தீன் 'பெல்லிஸ்' என்பதன் வழிவந்தது. 'ஆக்ரா' என்பது புளிப்பையும் கடுமையையும் குறிக்கும் அடைமொழி. இரண்டும் கூடிக் 'கரடுபட்ட தோல்' எனப் பொருள் தந்தன. கால்விரல் கீல்வாதத்தைக் குறிக்கும் 'போடாக்ரா' என்னும் கிரேக்கச் சொல்லின் சாயல் இதிற் படிந்தது என்பாரும் உளர்.

1771இல் மிலான் நகர மருத்துவர் பிராப்போல்லி இந்நோய் பற்றி இலத்தீனில் நூல் எழுதினார். பொதுமக்கள் வழங்கும் பெயர் இது என்பதை அந்நூலின் தலைப்பே உரைக்கிறது. அதற்கு முன்னரே, 1735இல், ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காசால் இந்நோயைக் கண்டறிந்திருந்தார். அங்குள்ள உழவர் அதனை 'ரோசா நோய்' என்றனர். இரு நாட்டவரும் வெயில் பட்ட தோலின் நிறத்தையும் தன்மையையும் கண்டே பெயரிட்டனர்.

நோயின் வேரோ உணவில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமே இவ்வேழையரின் அன்றாட உணவாயிற்று. மெக்சிகோவின் பழங்குடியினர் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டனர். அதனால் தானியத்துள் பிணைப்புண்ட நயாசின் என்னும் உயிர்ச்சத்து விடுபட்டது. ஐரோப்பாவுக்குத் தானியம் வந்தது, அப்பக்குவம் வரவில்லை.

இது தொற்றுநோய் என்றே பலர் நம்பிய காலத்தில், 1914 முதல் அமெரிக்காவில் ஆய்ந்த கோல்ட்பெர்கர், பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த உணவு இதனைத் தடுக்கும் எனக் காட்டினார். 1937இல் எல்வெஜெம் நயாசினை இனங்கண்டார்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. சோளத்தையே பெரிதும் உண்ட தக்காண ஏழை மக்களிடையே காணப்பட்ட இந்நோயைச் சேலத்திற் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஆராய்ந்தார், 1960இல் சிறீகாந்தியாவுடன் இணைந்து, சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருளை இதற்குக் காரணமாகச் சுட்டினார்.

பெயரிட்ட உழவர் பிழை செய்யவில்லை. கண்ணாற் கண்டதையே சொன்னார்கள். ஒரே தானியத்தை உண்டு வாழ நேர்ந்த அவர்தம் வறுமையைக் காண்பதற்கோ, மருத்துவ உலகிற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தோலைச் சுட்டும் இச்சொல்லைக் கேட்குந்தோறும், அத்தோலின் அடியில் இருந்த வெறும் வயிற்றையும் நாம் நினைத்தல் தகும்.