"வேண்டாம், ஆனா கட்டணும்னா…" – சைலன்ட் வேலி கதை

ஊர்ல ஒரு பழக்கம் உண்டுங்க. ஒருத்தர் வந்து, "பொதுக் கிணத்துக்குப் பக்கத்துல போர் போடலாமா?"ன்னு பெரியவங்ககிட்ட கேப்பார். "வேண்டாம்ப்பா, கிணறு வத்திடும். அப்படியும் போட்டே தீரணும்னா கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க"ம்பாங்க. மறுநாள் போர் வண்டி வந்து நிக்கும். கேட்டா, "பெரியவங்கதான் இடம் சொன்னாங்க"ன்னு பதில் வரும். "வேண்டாம்" காத்துல போயிடும், "தள்ளிப் போட்டுக்க" மட்டும் நிக்கும்.

இதே கதை ஒரு பெரிய அணையிலும் நடந்திருக்கு.

நம்ம பவானி, நீலகிரியில பிறந்து அட்டப்பாடி வழியா சுத்தி மறுபடி தமிழ்நாட்டுக்குள்ள வருது. அங்க முக்காலியில இருந்து மேல ஏறினா சைலன்ட் வேலி. அந்தக் காட்டுக்குள்ள ஓடுறது குந்திப்புழா, அது மேற்கே போற ஆறு. சைரந்திரிங்கிற இடத்துல அதுக்குக் குறுக்கே அணை கட்டலாம்னு 1928-லயே வெள்ளைக்காரன் பார்த்து வச்சிருந்தான். 1973-ல திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. முதல் கட்டத்துல 120 மெகாவாட் மின்சாரம், பாலக்காடு, மலப்புரம் பக்கம் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். முங்கப் போறது 830 ஹெக்டேர் காடு.

அந்தப் பக்கத்து விவசாயிக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க. கரண்டும் தண்ணியும் இல்லாம இருந்த பகுதி அது. அணை கேட்டவங்களை வில்லனாக்கிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1976-ல மத்திய அரசோட சுற்றுச்சூழல் திட்டமிடல் குழு, பறவை ஆய்வாளர் ஜாபர் ஃபதேஹல்லி தலைமையில ஒரு பணிக்குழு போட்டுச்சு. அவங்க சொன்னது: திட்டத்தைக் கைவிடுங்க. அத்தோட நிறுத்தியிருக்கலாம். கைவிட முடியலேன்னா இந்த 17 பாதுகாப்பு நிபந்தனைகளைக் கடைப்பிடிங்கன்னும் சேர்த்து எழுதிட்டாங்க. மாநில அரசு அந்தப் பின்பாதியைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. நிபந்தனைகளுக்குச் சம்மதம்னு சொன்னது, 1978-ல பிரதமர் மொரார்ஜி தேசாய் அனுமதி கொடுத்தார். "வேண்டாம்"னு எழுதின அறிக்கையே "சரி"க்கு வாசலாயிடுச்சு.

முங்கப் போறது மொத்தக் காட்டுல பத்துல ஒரு பங்குதானேன்னு ஒரு வாதம் வந்தது. நம்ம தோட்டத்துலயும் கிணத்தடி கொஞ்ச இடம்தான், அது போனா மிச்ச நிலம் எதுக்கு? ஆத்தோரத் தாழ்வுக் காடுதான் அந்தப் பள்ளத்தாக்கோட உயிர். வெடிப்பலா மரமும் அதை நம்பிப் பிழைக்கிற சிங்கவால் குரங்கும் வாழ்ற இடம்.

அப்புறம்தான் எதிர்ப்பு சூடு புடிச்சது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. சுகதகுமாரி மாதிரி கவிஞர்கள் எழுதினாங்க. 1979-ல, அப்ப மத்திய வேளாண்மைச் செயலரா இருந்த நம்ம எம்.எஸ். சுவாமிநாதன், பக்கத்துக் காடுகளையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக்கணும்னு பரிந்துரை செஞ்சார். அதுல தமிழ்நாட்டுக் குந்தா காடும் இருந்தது. 1980-ல இந்திரா காந்தி வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். எம்.ஜி.கே. மேனன் தலைமையில இன்னொரு குழு வந்தது. 1983-ல திட்டம் கைவிடப்பட்டது, 1984 நவம்பர்ல தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. ஆக, மூணு தடவை நிபுணர்கள் பார்த்தாச்சு. வெளியில ஜனங்க சத்தம் போடலேன்னா முதல் தடவையோடவே அணை எழும்பியிருக்கும்.

இப்ப முறை சட்டமாயிடுச்சு. 2006 அறிவிக்கைப்படி பெரிய நீர்மின் திட்டங்களை மத்திய நிபுணர் மதிப்பீட்டுக் குழு பார்த்துப் பரிந்துரை சொல்லும், முடிவு அமைச்சகத்தோடது. அனுமதிக் கடிதத்துல நிபந்தனைப் பட்டியல் இருக்கும். அதை நிறைவேத்தினோமான்னு வருஷத்துல ரெண்டு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1-ல, திட்டக்காரர் அறிக்கை கொடுக்கணும். அது யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஆவணம்.

அதனால உங்க பக்கம் ஏதாவது திட்டம் வந்து கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சா, போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த நிபந்தனையை மீறினா யாரு, எப்ப நிறுத்துவாங்க?" இதுக்குப் பதில் இல்லேன்னா, அந்தப் பட்டியலும் போர் வண்டிக்காரனுக்கு இடம் காட்டின கதைதான்.